பழைய எவர்சில்வர் வாட்சைத் தேற்றி எடுப்பது எப்படி: முழு வழிகாட்டி

பினாங்கில் பழைய சாமான் தேட வேண்டுமென்றால் லோரோங் கூலிட் சந்தைதான். சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில் காலையிலேயே கித்தானை விரித்துவிடுவார்கள். துருப்பிடித்த ஸ்பேனர், ஓடாத ரேடியோ, பித்தளை விளக்கு என்று கலந்துகட்டிக் கிடக்கும் குவியலுக்கு நடுவில் எப்படியும் ஒரு தட்டு நிறைய வாட்ச் இருக்கும், அதில் பாதி ஜப்பான் கம்பெனி சீக்கோவின் 'சீக்கோ 5' ஆக இருக்கும். நம் அப்பாவும் மாமாவும் சம்பளப் பணத்தில் வாங்கி, வருஷக்கணக்காகக் கழற்றாமல் கட்டியிருந்த அதே ரகம். கண்ணாடி முழுக்கக் கீறல், செயின் தொளதொள, மூலை முடுக்கெல்லாம் கறுப்பு அழுக்கு.

அப்படி ஒரு வாட்சை, சந்தையில் வாங்கியதோ வீட்டு அலமாரியில் கிடந்ததோ, வெளிப்புறத்தை வீட்டிலேயே எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இங்கே விஷயம். உள்ளே ஓடும் மெஷினைப் பிரிப்பது, எண்ணெய் போடுவது இதெல்லாம் வேறு வேலை. அதை ரிப்பேர் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

தொடங்குவதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய வாட்சுகள் கட்டிக் கெடுவதைவிட, பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துக் கெடுவதுதான் அதிகம். தேய்த்த ஸ்டீல் திரும்ப வராது. கூராக இருந்த ஓரங்கள் மழுங்கிப் போய், சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஆன சீக்கோக்களைத் தட்டுத் தட்டாகப் பார்க்கலாம். அதனால் கீழே சொல்லும் வேலைகளில் முக்கால்வாசி கழுவுவது, மறைப்பது, உற்றுப் பார்ப்பது. தேய்ப்பது கடைசியில், கொஞ்சம்தான்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்

முதலில் வாட்சைத் திருப்பிப் பின்மூடியைப் படியுங்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் இருந்தால் நல்லது. 'பேஸ் மெட்டல்' என்றோ, பின்மூடி மட்டும் ஸ்டீல் என்றோ எழுதியிருந்தால் உடம்பு பித்தளை, மேலே முலாம். அதைத் தேய்த்தால் மஞ்சள் வெளியே வந்துவிடும், திரும்ப முலாம் பூசினால்தான் உண்டு. எழுத்து அழிந்து போயிருந்தால் செயின் மாட்டும் நான்கு காதுகளின் நுனியைப் பாருங்கள், முலாம் முதலில் தேய்வது அங்கேதான்.

பின்மூடியில் கோடு போட்டுப் பிரித்த ஓர் எண்ணும் இருக்கும். முன்னால் உள்ள நான்கு இலக்கம் மெஷினின் எண், பின்னால் உள்ளது கேஸின், அதாவது வாட்சின் உலோக உடம்பின் எண். 7009 என்றால் பெரும்பாலும் 1970களின் பிற்பகுதி அல்லது 80கள், 17 கல் (தேய்மானம் குறைய மெஷினுக்குள் பதிக்கும் சின்னக் கற்கள்). 7எஸ்26 என்றால் 1996க்குப் பிறகு வந்தது, 21 கல். தனியாக உள்ள ஆறு இலக்கத் தொடர் எண்ணில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி எழுத்துகள். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷினை வைத்துதான் ஊகிக்க வேண்டும். 7எஸ்26 மெஷினும் 4 என்ற முதல் இலக்கமும் என்றால் 2004 அல்லது 2014. இந்தக் கேஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடியும் ரப்பர் வளையமும் வாங்கும்போது இதைத்தான் கேட்பார்கள்.

டயல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பச்சை, நீலத்தில் புத்தம் புதிதாகவும், கேஸ் மட்டும் அடிபட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய மெஷினை எடுத்து டயலுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து விற்பது பெரிய வியாபாரம், நிறைய இந்தியாவிலிருந்தே வருகிறது. அழகாக இருந்தால் வாங்குங்கள், ஆனால் ஒரிஜினல் விலை கொடுக்காதீர்கள்.

"அண்ணே, இது ஓடுமா?" என்று கேட்டால் விற்பவர் எடுத்து இரண்டு ஆட்டு ஆட்டி, "பாரு தம்பி, ஓடுதுல்ல" என்பார். ஆட்டினால் செத்த வாட்சும் பத்து விநாடி ஓடும். கையில் வாங்கி, டயல் மேலே பார்க்க ஐந்து நிமிஷம் அசையாமல் வைத்துக்கொண்டு மற்ற சாமானைப் பார்ப்பது மாதிரி நில்லுங்கள். அப்போதும் விநாடி முள் நடந்தால் பேரம் பேசலாம். சாவியை, அதாவது பக்கவாட்டில் நேரம் மாற்றும் குமிழை, இழுத்து முள் திரும்புகிறதா, தேதி மாறுகிறதா என்றும் பாருங்கள். 7009, 7எஸ்26 இரண்டு மெஷினுக்கும் சாவியைத் திருகி முறுக்கேற்ற முடியாது, கை அசைவில்தான் ஏறும். அதனால் சாவி சும்மா சுற்றுகிறதே என்று பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. 1960களுக்கு முந்திய வாட்சில், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், முள்ளிலும் எண்ணிலும் பழுப்பான ஒளிப்பூச்சு உதிர்வது மாதிரி இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். ஒளி செத்துப் போயிருக்கும், கதிர்வீச்சு சாகாது, ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருஷம். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. அப்படிப்பட்டதை வீட்டில் திறக்காதீர்கள்.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிக்கிறது

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பாதிதான் உண்மை. ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், காற்று பட்டதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது, அதுதான் காவல். கீறினாலும் காற்று பட்டால் தானே மூடிக்கொள்ளும். இன்றைக்கு வாட்சுக்கு அதிகம் பயன்படுத்தும் 316 எல் ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் உண்டு, உப்பைத் தாங்குவதற்காக.

இந்தப் படலத்தின் எதிரி குளோரைடு, அதாவது உப்பு. வியர்வையில் இருக்கிறது, கடல் காற்றில் இருக்கிறது, நமக்குப் பினாங்கில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. வெளிப்பக்கம் காற்றோட்டம் இருப்பதால் தப்பித்துவிடும். ஆனால் பின்மூடிக்கும் கேஸுக்கும் நடுவில், ரப்பர் வளையம் உட்காரும் இடுக்கில் வியர்வை தேங்கினால் அங்கே ஆக்சிஜன் போகாது, படலம் திரும்ப உண்டாகாது, ஸ்டீல் புள்ளி புள்ளியாகக் குழி விழும். வெளியே ஜம்மென்று இருக்கும் வாட்சைத் திறந்தால் உள்ளே அரித்துப் போயிருப்பது இதனால்தான். முடிந்தால் கடைக்காரரிடம் கேட்டுப் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என்னென்ன வேண்டும்

செயினைக் கேஸோடு பிடித்திருக்கும் ஸ்பிரிங் கம்பியை எடுக்கும் கருவி, பின்மூடி திறக்கும் மூன்று முனைச் சாவி, கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ், நல்ல சாமணம், விரலுறை. ஹார்டுவேர் கடையில் 600, 800, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் சாண்ட்பேப்பர், மெரூன் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் ஸ்காட்ச் பிரைட், மாஸ்கிங் டேப். மோட்டார் சாமான் கடையில் ஆட்டோசோல் என்ற உலோகப் பாலிஷ் பசை. கேக் சாமான் கடையில் சிட்ரிக் ஆசிட் தூள். அப்புறம் சமதளமான ஒரு கண்ணாடித் துண்டு, பழைய போட்டோ பிரேமிலிருந்து எடுத்தாலும் போதும்.

வீட்டில் இருக்கிறதே என்று எடுக்கக் கூடாதவை இரண்டு. பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நார்: அதன் துகள்கள் எவர்சில்வரில் ஒட்டிக்கொண்டு, இரண்டு நாளில் வாட்சே துருப்பிடித்தது மாதிரி காட்டும். அடுத்தது குளோராக்ஸ் வகையறா ப்ளீச்: முழுக்கக் குளோரின் சமாச்சாரம், மேலே சொன்ன குழியை நாமே தோண்டுவதற்குச் சமம்.

பிரித்தல்

முதலில் போனில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், குறிப்பாக எந்தப் பக்கம் பளபளப்பு, எந்தப் பக்கம் கோடு கோடான மெருகு என்று தெரிகிற மாதிரி. பிறகு இதுதான் உங்களுக்கு வரைபடம்.

காதுகளின் உட்பக்கம் டேப் ஒட்டிவிட்டுச் செயினைக் கழற்றுங்கள், கருவி வழுக்கினால் புதுக் கீறல் விழும். பின்மூடி திருகு வகை என்றால் மூன்று முனைச் சாவியை நன்றாகப் பதியவைத்து, அழுத்திக்கொண்டே இடப்பக்கம் திருப்புங்கள். அசையவில்லையென்றால் முரட்டுத்தனம் வேண்டாம். ஓரத்தில் ஊடுருவும் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஊசி முனையால் வைத்து, பின்மூடி மேலே பார்க்க ஓர் இரவு விடுங்கள்.

மெஷினை வெளியே எடுக்காமல் கேஸைத் தேய்க்கவே கூடாது. சாண்ட்பேப்பர் தூள் ஒரு துளி உள்ளே போனாலும் மெஷினுக்கு ஆயுள் குறைவு. சாவித் தண்டின் அருகே சிறு குழியோடு ஒரு நெம்புகோல் தெரியும், அதை மெதுவாக அழுத்தினால் சாவி தண்டோடு வந்துவிடும். அழுத்தம் கூடினால் உள்ளே பாகம் இடம்மாறிவிடும், அப்புறம் டயலைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். கை நடுங்குகிறவர்கள் வெட்கப்படாமல் கடைக்குப் போய், "அங்கிள், மெஷினை மட்டும் எடுத்து டப்பாவில் வைச்சுக் கொடுங்க, கேஸை நான் கழுவிக்கிறேன்" என்று சொல்லுங்கள். பழைய ஆட்கள் இதைச் சிரித்துக்கொண்டே செய்து தருவார்கள்.

கழுவுதல்

இதுதான் பெரிய மாற்றம் கொடுக்கும் கட்டம், அவசரப்படாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப் கலந்து, வெறும் கேஸையும் செயினையும் பின்மூடியையும் ஓர் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, இடுக்குகளில் இருப்பதைப் பல்குத்தும் குச்சியால் நோண்டுங்கள். மரக்குச்சி ஸ்டீலைக் கீறாது. தோலும் வியர்வையும் சோப்பும் சேர்ந்து இறுகிய கறுப்புப் பசை சுருண்டு சுருண்டு வரும், தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறும். தண்ணீரை மாற்றிவிட்டுத் திரும்பவும். செயினுக்கு இது மட்டும் பத்தாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் இருக்கும் அதிர்வலைத் தொட்டியில் ஐந்து நிமிஷம் போட்டுத் தரச் சொன்னால், கணுக்களுக்குள் இருப்பது புகை மாதிரி வெளியேறுவதைப் பார்க்கலாம்.

நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, காற்றில் காயவிட்டுப் பிறகு ஜன்னலோரத்தில் வைத்து ஒரு முறை முழுதாகப் பாருங்கள். என்னைக் கேட்டால், பாதி வாட்சுகளுக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாம். தேய்மானம் என்று நினைத்ததில் நிறைய வெறும் அழுக்குதான்.

பழுப்புத் துருக்கறை இருந்தால் 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் சிட்ரிக் ஆசிட் என்ற கணக்கில் கரைத்து, இளஞ்சூட்டில் 20 நிமிஷம் ஊறவைத்து அலசுங்கள். இது மேலே ஒட்டிய இரும்பைக் கரைத்து எடுத்துவிடும், குரோமியத்தைத் தொடாது, காவல் படலம் நன்றாக உண்டாக வழிவிடும். தொழிற்சாலைகளிலும் எவர்சில்வருக்குச் சிட்ரிக் ஆசிட் முக்குவது வழக்கம்தான். குழி மட்டும் குழியாகவே இருக்கும். அது வெளியே இருந்தால் போகட்டும். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் அந்த வாட்ச் இனி தண்ணீர் தாங்காது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்த்தல்

இனிமேல்தான் ஜாக்கிரதை. சீக்கோ 5 கேஸில் பொதுவாக இரண்டு வித மெருகு கலந்திருக்கும், மேல்பக்கம் கோட்டு மெருகு, பக்கவாட்டில் பளபளப்பு, அல்லது இதற்குத் தலைகீழ். இரண்டும் சந்திக்கும் ஓரம் கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டும். அந்த ஓரத்தைக் காப்பாற்றினால் வாட்ச் அழகு, அதை மழுக்கினால் எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை. டிரெமல் மாதிரி சுற்றும் மெஷினில் பஞ்சுச் சக்கரம் மாட்டி அடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சக்கரத்துக்கு ஓரம் எது, சமதளம் எது என்று தெரியாது.

பளபளப்பான பக்கங்களை முதலில் முடியுங்கள். சாண்ட்பேப்பரைக் கண்ணாடித் துண்டின் மேல் விரித்து, தண்ணீர் தெளித்து, பேப்பரை அசைக்காமல் கேஸை அதன் மேல் நகர்த்துங்கள். வளைந்த பக்கம் என்றால் வளைவோடு உருட்டிக்கொண்டே போக வேண்டும். எந்த நம்பரில் தொடங்குவது? கீறல் நகத்தில் தட்டுப்படாவிட்டால் 1500 போதும். லேசாகத் தட்டினால் 1000. 600க்குப் போக வேண்டிய கீறலாக இருந்தால், எடுத்தே ஆக வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். நம்பர் மாற்றும்போதெல்லாம் தேய்க்கும் திசையையும் குறுக்காக மாற்றுங்கள், அப்போதுதான் முந்தின நம்பரின் கோடுகள் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். நம்பருக்கு நம்பர் கேஸைக் கழுவவும் வேண்டும், 1000 நம்பர் மணல் ஒன்று 2000க்குள் கலந்தால் புதிதாக ஒரு நீளக் கோடு போட்டுவிடும். 2000 முடிந்ததும் பருத்தித் துணியில் பட்டாணி அளவு ஆட்டோசோல் தடவித் தேயுங்கள். துணி கறுக்கும், அது சரிதான். துடைத்துப் பார்த்தால் டியூப்லைட் நேர்கோடாகத் தெரிய வேண்டும், நெளிந்து தெரிந்தால் சமதளம் கெட்டிருக்கிறது.

அப்புறம் கோட்டு மெருகு. பளபளப்பாக்கிய பகுதி முழுவதையும் டேப்பால் மூடுங்கள், ஓரத்தில் டேப்பை நகத்தால் அழுத்திச் சுத்தமாக வெட்டுங்கள். போட்டோவைப் பார்த்துக் கோடு எந்தத் திசையில் ஓடியது என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: நேராக மேலிருந்து கீழா, கண்ணாடியைச் சுற்றிக் கதிர் மாதிரியா என்று. நேர்கோடு என்றால் மெரூன் ஸ்காட்ச் பிரைட்டை ஒரு மரச் சட்டத்தில் இறுக்கிச் சுற்றி, ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், காதின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிறுத்தாமல் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது, நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு கொக்கி போடும். இழு, தூக்கு, மறுபடி தொடங்கிய இடத்துக்கு வா. பத்துப் பன்னிரண்டு இழுப்பில் கீறல்கள் கோடுகளுக்குள் கரைந்து போய்விடும். கடைசியில் சாம்பல் ஸ்காட்ச் பிரைட்டால் இரண்டு மூன்று இழுப்பு, கோடு பட்டு மாதிரி மென்மையாகும். கதிர் மெருகு கையால் சரியாக வராது, அது இருக்கிற நிலையில் விட்டுவிடுவது உத்தமம்.

ஆழமான பள்ளத்தை என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள். ஒன்றும் செய்யாதீர்கள். அரை மில்லிமீட்டர் பள்ளத்தை மறைக்கச் சுற்றியுள்ள ஸ்டீலை எல்லாம் அரை மில்லிமீட்டர் எடுக்க வேண்டும், காது மெலிந்துவிடும். ஸ்பிரிங் கம்பிக்கான ஓட்டை ஓரத்துக்கு வந்துவிட்டால் வாட்ச் ஒரு நாள் கையிலிருந்து கழன்று விழும்.

கண்ணாடியும் செயினும்

சீக்கோ 5 கண்ணாடி பெரும்பாலும் ஹார்ட்லெக்ஸ், கடினப்படுத்திய கனிமக் கண்ணாடி. அதைத் தேய்த்துக் கீறல் எடுப்பது வீண் வேலை, மாற்றுவது மலிவு. மிகப் பழைய மாடல்களில் பிளாஸ்டிக் இருக்கலாம், நகத்தால் தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும், அதற்கு மட்டும் பாலிவாட்ச் பசை தடவி ஐந்து நிமிஷம் துணியால் தேய்த்தால் தெளிந்துவிடும். புதுக் கண்ணாடி பொருத்துவதற்குச் சரியான அழுத்தி வேண்டும், விரலால் அழுத்தினால் ஓரம் சில்லு பெயரும். கடையில் கொடுத்துவிடுங்கள்.

பழைய சீக்கோ செயின்கள் பல தகட்டை மடித்துச் செய்தவை, உள்ளே கூடு. தொளதொளப்பு என்பது மடிப்பும் ஆணியும் தேய்ந்ததால் வருவது, கழுவினால் போகாது. இடுக்கியால் நெரித்துச் சரிசெய்கிறேன் என்று இறங்கினால் கணு மடங்கி நின்றுவிடும். கெட்டிக் கணு உள்ள செயின் என்றால் ஆணிகளைப் பின்பக்க அம்புக்குறி காட்டும் திசையில் தட்டி எடுத்து, திரும்பப் போடும்போது எதிர்த் திசையில் நுழையுங்கள். மெருகுக்குச் செயினை ஒரு பலகையில் நேராக டேப் போட்டு ஒட்டி, ஸ்காட்ச் பிரைட்டை நீளவாக்கில் ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லாக் கணுவிலும் கோடு ஒன்று சேர்ந்து ஓடும்.

திரும்பப் பூட்டுதல்

மறுபடியும் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கேஸைக் கழுவுங்கள். ஆட்டோசோல் இடுக்கில் மிஞ்சினால் வெள்ளையாகக் காய்ந்து அசிங்கமாகத் தெரியும். முழுக்கக் காய்ந்த பிறகே மெஷின் உள்ளே போக வேண்டும். நம்மூர் ஈரப்பதத்தில் காய்ந்தது மாதிரி தெரியும், ஆனால் சாவிக் குழாய்க்குள் ஒரு துளி நிற்கும், அதனால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். டயலில் தூசி இருந்தால் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

பின்மூடியின் ரப்பர் வளையம் புதிதாகத்தான் இருக்க வேண்டும். அதில் சிலிகான் கிரீஸை மினுமினுப்பு வரும் அளவுக்கு மட்டும் தடவி, முறுக்கில்லாமல் பள்ளத்தில் உட்காரவைத்து மூடியை இறுக்குங்கள். ஸ்பிரிங் கம்பிகளும் புதிதாகவே போடுங்கள், இரண்டு கம்பியின் விலை ஒரு தே தாரிக் டீயின் காசு.

கையில் ஒரு நிமிஷம் மெதுவாக ஆட்டினால் ஓடத் தொடங்கும், ஒரு பகல் கட்டியிருந்தால் முறுக்கு ஏறிவிடும். தேதியை இரவு 9 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடையில் மாற்றாதீர்கள், அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பல்லில் மாட்டியிருக்கும், வலுவில் திருப்பினால் பல் உடையும். இரண்டு மூன்று நாள் போன் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளுக்கு அரை நிமிஷத்துக்குள் கூடக் குறைய இருந்தால் இந்த வயசுக்கு நல்ல ஓட்டம். திடீரென்று நிமிஷக்கணக்கில் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். திசைகாட்டி முள்ளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் ஆடும். கடையில் ஒரு நிமிஷத்தில் காந்தம் எடுத்துத் தருவார்கள்.

பின்மூடியில் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருப்பது அது தொழிற்சாலையை விட்டு வந்த நாளுக்கான பேச்சு. கடையில் காற்றழுத்தச் சோதனை செய்து பார்க்காத வரை கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் பரவாயில்லை, பத்து பெரிங்கி கடற்கரையில் தண்ணீரில் இறங்குவதென்றால் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள்.